வரித்தலை வாத்தும் ஒற்றை நாற்காலியும்

சமயபுரம், வயலூர், ஒரே ஒரு தடவை பழனி. என் ஊர்ப்பயணம் அவ்வளவுதான். அப்படிப்பட்ட நான், பிரெஞ்சுக்காரன் ஆண்ட சீமைக்குப் போய் நாலு நாள் இருந்துவிட்டு வந்தேன் என்றதும் எங்கள் ரயில்வே குடியிருப்பில் பாதிப் பேர் நம்பவில்லை. நம்பியவர்கள் எதற்குப் போனீர்கள் என்று கேட்டார்கள். வாத்துப் பார்க்க என்றேன். அதற்குப் பிறகு அவர்களும் நம்பவில்லை.

ஆகையால் எழுதி வைக்கிறேன். எனக்குப் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. எழுத்துப் பிழைகளைத் திருத்தித் தருகிறேன் என்று எதிர்வீட்டு டீச்சர் சொல்லியிருக்கிறாள். எழுத்தை மட்டும் திருத்து, விஷயத்தில் கை வைக்காதே என்று நானும் சொல்லியிருக்கிறேன்.

போகக் காரணம் என் தம்பி கோதண்டம். கூட்ஸ் வண்டியில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவன். அவனுக்கும் துணை இல்லை, எனக்கும் இல்லை. ஒரே வீட்டில் இருக்கிறோம். கூட்ஸ் வண்டிக்குச் சிக்னல் கிடைக்காவிட்டால் ஏதாவது ஏரிக்கரையில் மணிக்கணக்காக நிற்கும். மற்ற கார்டுகள் அந்த நேரத்தில் தூங்குவார்கள். இவன் கடைசிப் பெட்டியில் உட்கார்ந்து பறவை பார்க்க ஆரம்பித்தான். அந்தப் பழக்கம் பென்ஷன் வந்த பிறகும் போகவில்லை.

இவனுக்கு இரண்டு கூட்டாளிகள் உண்டு. ஒருவர் சென்னையில் கல்லூரிப் பேராசிரியர், பெயர் தேவசகாயம். இன்னொருவர் தஞ்சாவூரில் வங்கியில் வேலை பார்க்கும் சின்னையா. வருஷத்துக்கு ஒரு தடவை மூன்று பேரும் கழுத்தில் பைனாகுலரை மாட்டிக்கொண்டு ஏதாவது ஓர் ஏரிக்குப் போய்விடுவார்கள். அந்தத் தை மாதம் புதுச்சேரிப் பக்கம் பாகூர் ஏரி. இமயமலைக்கு மேலே பறந்து வருகிற வாத்து ஒன்று போன வருஷம் அங்கே இறங்கியதாகப் பேராசிரியருக்கு யாரோ கடிதம் போட்டிருந்தார்கள். மூன்று பேரில் யாரும் அதைப் பார்த்ததில்லை. கோதண்டத்துக்கு வயிற்றுப் புண். ஹோட்டல் சாப்பாடு கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் சமைத்துப் போட நான்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அதற்கு முந்தின ஒரு வருஷமாக அவன் எனக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தான். காலையில் செய்தித்தாளை நீட்டி, "தலைப்பைப் படிக்கா, பாப்போம்" என்பான். நான் எழுத்துக் கூட்டிப் படிப்பேன். தேவலையே என்பான். கடைப் பலகை, மருந்துச் சீட்டு, வந்த கடிதம், எல்லாம் என்னைப் படிக்கச் சொல்வான். இந்த வயதில் அக்காவைப் படிக்க வைக்கத் தோன்றியதே என்று எனக்கு ஏகப் பெருமை.

கடலூர் பஸ் நிலையத்தில், "அந்த பஸ் போர்டுல என்ன ஊர் போட்டிருக்கு, படிக்கா" என்று கையை நீட்டினான். நீட்டிய பக்கம் பஸ் இல்லை. மதில் சுவர்தான் இருந்தது. அதில் ஒட்டியிருந்த சினிமாப் படத்தில் ஒரு நடிகை, வண்டிச் சக்கரம் அகலத்துக்கு முகத்தை வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

நான் நடிகையைப் பார்த்தேன். தம்பியைப் பார்த்தேன். "எத்தன நாளாடா?" என்றேன்.

இரண்டு கண்ணிலும் புரை. மாசியில் ஆபரேஷனுக்கு நாள் குறித்திருக்கிறது. எங்கள் குடியிருப்பிலேயே ஒரு டிரைவர், ஆபரேஷனுக்குப் பிறகு மிச்சமிருந்த மங்கல் வெளிச்சத்தையும் பறிகொடுத்தவர். அதை நினைத்து இவனுக்குப் பயம். "கண்ணுல கத்தி வெக்கிறதுக்குள்ள அந்த வாத்த ஒரு தடவ பாத்துடணுங்க்கா. அவங்க ரெண்டு பேருக்கும் தெரிய வேணாம்" என்றான். சர்வீஸ் முழுக்க ஒரு கண் பரிசோதனையிலும் தவறாதவன். கண் போனது தெரிந்தால் கூட்டாளிகள் நடுவில் அவன் பேச்சுக்கு என்ன மதிப்பு? சரி என்றேன். என் பாடமும் அன்றோடு முடிந்தது.

கிருமாம்பாக்கத்தில் இறங்கினோம். அவர்கள் இருவரும் டீக்கடையில் காத்திருந்தார்கள். ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போய்த் திரும்புகிற ஒரு மாட்டுவண்டிக்காரர் ஏற்றிக்கொண்டார். வண்டியில் கரும்புச் சோகை. சோகையில் எறும்பு. எறும்பு என் புடவையில். பேராசிரியர் ஒவ்வொரு பறவைக்கும் "அதோ" என்று கத்துவார், வண்டி நிற்கும். கொஞ்ச தூரத்தில் மாடுகளுக்கு அந்தச் சொல் பழகிவிட்டது. அப்புறம் வண்டிக்காரருக்கு வேலையே இல்லை. "அதோ" என்றால் மாடுகளே நின்றன. பொழுது சாய்கிறபோதுதான் பாகூர் வந்து சேர்ந்தோம்.

ஏரிக்கரை ஓரத்தில் அஞ்சலை என்பவள் வீட்டில் இரண்டு அறை. நெல்லும் கரும்பும் போடுகிற குடும்பம். அவளுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். வந்ததும் வராததுமாக என்னை "ஆயா" என்றாள். எங்கள் ஊரில் ஆயா என்றால் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மூக்குச் சிந்திவிடுகிறவள். இங்கே பாட்டி என்று அர்த்தமாம். இரண்டுமே எனக்கு ஒப்பவில்லை. அக்கா என்று கூப்பிடு என்றேன். சரி ஆயா என்றாள்.

அவளுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. "இன்னா ஆயா, அந்தக் கண்ணாடி போட்டவரு கரும்பாண்ட நின்னுக்கினு ஏரியையே பாக்குறாரு? அளக்க வந்துகிறாங்களா? அந்தக் கொல்ல பட்டா நெலம், சொல்லிடு" என்றாள். இல்லை, குருவி பார்க்க வந்தவர்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் வீட்டிலிருந்து இரண்டு விரால் மீன் வந்துவிட்டது. குழம்பு வைத்துச் சாப்பிட்டுவிட்டு உண்மையைச் சொன்னேன். விரால் அருமையாக இருந்தது. தண்ணீர்தான் காவிரித் தண்ணீர் மாதிரி இல்லை. பருப்பு வேக முரண்டு பிடித்தது.

அந்த வீட்டில் ஒரே ஒரு நாற்காலி. இங்கே ஊர் நிர்வாக அலுவலகத்தை மேரி என்கிறார்கள். பிரெஞ்சுக்காரன் போனபோது மேரியில் ஏலம் விட்டதாம். அஞ்சலையின் மாமனார் எடுத்து வந்த நாற்காலி. கைப்பிடியில் திராட்சைக் கொத்து செதுக்கியிருக்கும். உட்கார்ந்தால் யாருக்கும் முதுகு நேராகிவிடும்.

பறவைக்காரர்களுக்கு அந்த நாற்காலியைப் பார்த்ததும் சந்தோஷம். அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தினமும் சாப்பாட்டுக்கு முன்னால் பேர் வாசிப்பு. பேராசிரியர் நோட்டைத் திறந்து பள்ளிக்கூடத்து ஆஜர் மாதிரி ஒவ்வொரு பறவையாகக் கூப்பிடுவார். நாமக்கோழி? உண்டு. ஊசிவால் வாத்து? உண்டு. நத்தைகுத்தி நாரை? உண்டு. குறைந்தது இரண்டு பேர் பார்த்திருந்தால்தான் நோட்டில் ஏறும். ஒருவர் மட்டும் பார்த்தால் அது பார்த்ததாகாது. ஆயுசில் முதல் தடவையாகப் பார்த்த பறவைக்குப் பெயர் புதுமுகம். யாருக்குப் புதுமுகம் கிடைத்ததோ அவருக்கு அந்த வேளை உயர்ந்த இருக்கை, முதல் பரிமாறல். மற்றவர்கள் தரையில் உட்கார்ந்து, அவர் அதை எங்கே பார்த்தார், எப்படி நின்றது, வாலை எப்படி ஆட்டியது என்று கல்யாணப் பெண்ணை விசாரிக்கிற மாதிரி விசாரிப்பார்கள்.

முதல் நாள் நாற்காலி சின்னையாவுக்கு. கோரைப் புல்லுக்குள் ஏதோ பழுப்புக் குருவி. எனக்கு அது நம் வீட்டு உத்தரத்துக் குருவி மாதிரிதான் தெரிந்தது. அதற்கு ஒரு மணி நேரம் பேசினார்கள்.

வழியில் மட்டும் நான் பன்னிரண்டு புதுப் பறவை பார்த்தேன், எனக்கு எத்தனை நாற்காலி என்று கேட்டேன். மூன்று பேரும் சிரித்தார்கள். நோட்டில் பெயர் உள்ளவர்களுக்குத்தான் அம்மா இந்த வழக்கம் என்று பேராசிரியர் பதமாகச் சொன்னார். நான் சிரிக்கவில்லை. ரசத்தை இறக்கி வைத்தேன்.

இரண்டாம் நாள் விடியுமுன்னே மூவரும் போய்விட்டார்கள். நான் அஞ்சலையோடு ஏரியின் பின்பக்கம் நடந்தேன். அங்கே அறுத்த வயலில், செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து வாத்து ஓட்டிக்கொண்டு வந்த ஒரு குடும்பம் தங்கியிருந்தது. இருநூறு முந்நூறு வாத்து. சிந்திய நெல்லை மேய்கின்றன. அந்தப் பெண்ணிடம் இருபது முட்டை வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

பதினோரு மணிக்கு மூவரும் வந்தார்கள். தாடையிலிருந்து முழங்கால் வரை சேறு. சின்னையாவின் ஒரு செருப்பைக் காணோம். ஆனால் முகத்தில் அப்படி ஒரு களை. பச்சைத்தலை வாத்தைப் பார்த்துவிட்டார்களாம். அது வடக்கே மட்டும் வருகிற காட்டு வாத்தாம். தெற்கே அவர்களுக்குத் தெரிந்த யாரும் பார்த்ததில்லையாம். கோரை மறைவில் பெரிய கூட்டம். கலைந்துவிடக் கூடாது என்று ஒரு மணி நேரம் வயிற்றால் ஊர்ந்து போய்ப் பார்த்தார்களாம். பேராசிரியர் குளிக்கக்கூடப் போகாமல் இரண்டு பக்கம் எழுதினார். பேனாவில் சேறு, நோட்டில் சேறு.

மூன்று பேருக்கும் புதுமுகம். நாற்காலி ஒன்று. இப்படி ஒரு நிலைமை இதுவரை வந்ததே இல்லையாம். நெடுநேரம் யோசித்து, சின்னையா ஒரு வழி சொன்னார். குழம்புக்கு ஒருவர், ரசத்துக்கு ஒருவர், மோருக்கு ஒருவர் என்று மாறி மாறி உட்காருவது.

குழம்புக்குப் பேராசிரியர் உட்கார்ந்தார். தட்டில் முட்டையைப் பார்த்து, "என்னம்மா முட்டை இவ்ளோ பெரிசா இருக்கு? என்ன கோழி?" என்றார்.

கோழி இல்லை, வாத்து என்றேன். ஏரிக்குப் பின்னால் கோரைக்கு அந்தண்டை ஒரு குடும்பம் ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறது, ஆணெல்லாம் பச்சைத் தலை, பார்க்க லட்சணமாக இருக்கிறது, இன்னும் பத்து முட்டை வாங்கலாமா என்று கேட்டேன்.

சின்னையா வாயிலிருந்த முட்டையை மெல்லவும் இல்லை, விழுங்கவும் இல்லை. பேராசிரியர் நாற்காலியிலிருந்து மெதுவாக எழுந்து, தட்டோடு தரையில் உட்கார்ந்தார்.

வாத்தைப் பார்த்து வாத்து என்று தெரியாதா என்று நான் கேட்டேன். நம் வீட்டு வாத்துக்குப் பூர்விகமே அந்தக் காட்டு வாத்துதானாம். படித்தவர்கள் கண்ணுக்கு முதலில் பூர்விகம் தெரிந்திருக்கிறது. பிற்பாடு வாத்துக்காரப் பெண்ணைப் பார்த்தபோது, காலையில் மூன்று பெரியவர்கள் சேற்றில் குப்புறக் கிடந்ததாகவும், வயிற்றுக்குச் சரியில்லை போலிருக்கிறது என்று அவள் மரியாதையாக அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டதாகவும் சொன்னாள்.

மோர் சாதத்துக்கு வருவதற்குள் பேராசிரியரும் சின்னையாவும் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். கோதண்டம் மட்டும் சிரிக்கவில்லை. கிணற்றடியில் அவன் சட்டையை அலசிக்கொண்டே, நீ பச்சைத் தலையைப் பார்த்தாயா என்று கேட்டேன்.

"பாக்கலக்கா. பச்ச மாதிரி இருக்கு, இல்லயான்னு சார் கேட்டார். ஆமான்னுட்டேன்." வாளியின் விளிம்பைத் தடவினான். "சர்வீஸ்ல ஒரு நாளும் சிக்னலப் பாக்காம பச்சக் கொடி காட்டுனதில்ல. இன்னிக்குக் காட்டிட்டேன்."

சட்டையை இன்னொரு தடவை கல்லில் அடித்தேன். சேறு போகவில்லை.

மூன்றாம் நாள் எல்லோருமாக வில்லியனூர் பக்கம் ஊசுட்டேரிக்குப் போனோம். பஸ்ஸில் போகும்போதே புதுச்சேரி தீர்ந்து ஒரு துண்டு தமிழ்நாடு வருகிறது. அது முடிந்ததும் மறுபடி புதுச்சேரி. நாட்டைத் துணி வெட்டுகிற மாதிரி வெட்டியிருக்கிறார்கள். அப்போது நம் பக்கம் மதுவிலக்கு. அந்தத் துண்டில் பஸ்ஸை நிறுத்தி ஒரு போலீஸ்காரர் பைகளைச் சோதித்தார். என் பையில் நல்லெண்ணெய்ப் பாட்டில் இருந்தது. தக்கையைத் திறந்து முகர்ந்தார். நம்பிக்கை வராமல் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார். "உச்சில தேச்சுக்கப்பா, சூடு தணியும்" என்றேன். பஸ்ஸே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டுத் தேய்த்துக்கொண்டே இறங்கினார்.

வில்லியனூரில் சைக்கிளில் ரொட்டி விற்றுக்கொண்டு போனான் ஒருவன். முழங்கை நீளம். மேலே தட்டினால் கதவைத் தட்டுகிற சத்தம். இதை வைத்து நெல்லே குத்தலாம் போலிருக்கிறதே என்றேன். காப்பியில் முக்கிச் சாப்பிடச் சொன்னான். சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது, மறைப்பானேன். ஆனால் ஒரு ரொட்டிக்கு நாலு காப்பி வேண்டும்.

அந்த டீக்கடையில் கிழவர் ஒருவர், இஸ்திரி போட்ட சட்டையும் மெடலுமாக உட்கார்ந்திருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். அப்படிப்பட்டவரை இங்கே சொல்தா என்கிறார்கள். நம் ஆட்கள் பறவை பேசுவதைக் கேட்டு அவரும் பங்குக்கு ஒன்று சொன்னார். சைகோனில் ஒரு குருவி உண்டாம். துப்பாக்கிச் சத்தம் கேட்டால் செத்த மாதிரி விழுந்து கிடக்குமாம், சண்டை முடிந்ததும் எழுந்து போகுமாம். பேராசிரியர் நோட்டை எடுத்துவிட்டார். அலகு என்ன நிறம் என்று கேட்டார்.

"நானும் அது பக்கத்துல கண்ண மூடிக்கினு படுத்துக்கினு இருந்தேன் சாமி. மூக்க எங்க பாக்குறது?" என்றார் சொல்தா.

ஊசுட்டேரியில் எள் போட இடமில்லாமல் வாத்து. பேராசிரியரும் சின்னையாவும் சாப்பாட்டை மறந்தார்கள். நான் கோதண்டத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். பைனாகுலரைச் சும்மா கண்ணில் ஒட்டி வைத்துக்கொண்டு, தலையை ஒருக்களித்துக் காதைத் தண்ணீர்ப் பக்கம் திருப்புகிறான். சத்தம் வந்ததும், அவர்கள் தேடிக் கண்டுபிடிக்குமுன்னே பெயரைச் சொல்லிவிடுகிறான். கார்டு சார் கண்ணு கழுகுக் கண்ணு என்று சின்னையா மெச்சினார். இவன் தலையைக் குனிந்துகொண்டான்.

நாலாவது நாள், கடைசி நாள். அவர்கள் இருவரும் மறுபடியும் ஊசுட்டேரிக்குப் போய்விட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவதாகக் கிளம்பினார்கள். கோதண்டம் வயிறு சரியில்லை என்று தங்கிவிட்டான். வயிற்றுக்கு ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். இன்னொரு தடவை பொய்க் கொடி காட்ட அவனுக்கு மனசில்லை.

ஏரி மதகுக்குக் கீழே கால்வாயில் பாத்திரம் தேய்க்க உட்கார்ந்தேன். அவன் மதகுக் கல்லில் உட்கார்ந்தான். பனி இன்னும் முழுக்க விலகவில்லை. ஒரு பக்கம் கரும்பு, ஒரு பக்கம் அஞ்சலையின் இளம் பயிர்.

அப்போது மேலே ஒரு சத்தம். நீளமான தகரக் குழாய்க்குள் வாயை வைத்து ஆள் பேசுகிற மாதிரி, மூக்கால், ஆங்... ஆங் என்று. ஒன்று கேட்டது, இன்னொன்று பதில் சொன்னது. நான் அப்படி ஒரு குரல் கேட்டதில்லை.

கோதண்டம் எழுந்து நின்றுவிட்டான். "அக்கா, பாத்திரத்த உரசாத."

கையில் சாம்பலும் சட்டியுமாக அப்படியே இருந்தேன். கரும்புக்கு மேலாக வந்து, ஒரு சுற்றுச் சுற்றி, அஞ்சலையின் பயிரில் இறங்கின. என்னிடமிருந்து நாலு பாத்தி தூரம்.

"எத்தன?"

"பதினொண்ணு."

"தலையப் பாரு. பாத்தத மட்டும் சொல்லு, இல்லாதத சொல்லாத."

நான் பார்த்தேன். நிதானமாகப் பார்த்தேன், எனக்கு எதற்கு அவசரம்? "ஒடம்பு சாம்பல் நெறம். தல வெள்ள. பின்மண்டையில கறுப்பா ரெண்டு பட்ட. மேல உள்ளது இந்தக் கண்ணுலேர்ந்து அந்தக் கண்ணுக்குப் போவுது. கீழ உள்ளது குட்ட. கழுத்துல பக்கவாட்டுல வெள்ளக் கோடு எறங்குது. மூக்கும் காலும் மஞ்சள்" என்றேன். இமயமலையிலிருந்து வருவது என்றால் பனி மாதிரி முழு வெள்ளையாக இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். அதனால் இது வேறு ஏதோ என்றுதான் எனக்குப் பட்டது.

அவன் பைனாகுலரைத் தூக்கினான். திருகினான். இறக்கித் துடைத்தான். மறுபடி தூக்கினான். பிறகு கழுத்திலிருந்து கழற்றி என்னிடம் நீட்டினான். அதில் எனக்கு முதலில் என் இமை தெரிந்தது, பிறகு கரும்பு, அப்புறம் ஒரு வாத்து கதவளவுக்கு வந்து நின்றது. வாயில் நெற்பயிரோடு என்னைப் பார்த்தது. கொஞ்சமும் மரியாதை இல்லாத பார்வை.

"வரித்தலை வாத்துக்கா. அதுதான்" என்றான். கண்ணை மூடிக்கொண்டு நின்று கேட்டான். கன்னத்தில் நீர் இறங்கியது. புரையினால் நீர் வடிகிறது என்றான். இருக்கலாம்.

எவ்வளவு நேரமோ தெரியாது. கரையிலிருந்து அஞ்சலை ஓடி வந்தாள், கையில் தென்னை மட்டை. "இன்னா ஆயா, என் பயிரத் துன்னுது, வேடிக்க பாத்துக்கினுகிறீங்க!" என்று மட்டையை வீசினாள். பதினொன்றும் எழும்பின. தலைக்கு மேலே ஒரு வட்டம் போட்டு, திட்டுகிற மாதிரி கூவிக்கொண்டே வடக்கே போய்விட்டன. இமயமலையைத் தாண்டி வந்தவைதான், அஞ்சலையைத் தாண்ட முடியவில்லை.

மத்தியானம் அவர்கள் இருவரும் வெயிலில் வாடி வந்தார்கள். ஊசுட்டேரியில் புதிதாக எதுவும் கிடைக்கவில்லை. பேர் வாசிப்பு ஆரம்பிக்கிறபோது நான் அடுப்பிலிருந்து எழுந்து போய், வரித்தலை வாத்து என்று ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள் என்றேன்.

பேராசிரியர் மூடியைத் திறந்த பேனாவோடு என்னைப் பார்த்தார். யார் பார்த்தது என்றார். நான் என்றேன். இன்னொருவர்? அஞ்சலையைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். தலை எப்படி இருந்தது என்றதற்கு, தலையை எங்கே பார்த்தேன், பயிரைத்தான் பார்த்தேன், கால் பாத்தி போய்விட்டது, அதை யாராவது எழுதிக்கொள்கிறீர்களா என்று அவள் திருப்பிக் கேட்டாள்.

கூடையில் ஒரு வாத்து முட்டை மிச்சம் இருந்தது. அடுப்புக் கரித்துண்டு ஒன்றை எடுத்து, முட்டையின் அகன்ற பக்கத்தில் இரண்டு பட்டை போட்டேன். மேலே நீளம், கீழே குட்டை. பேராசிரியர் கையில் கொடுத்தேன். கழுத்துக் கோடும் உண்டு, அதற்கு முட்டையில் இடமில்லை என்றேன். அவர் தன் படப்புத்தகத்தை எடுத்து வந்து, பக்கத்தைப் பிரித்து, முட்டையைப் படத்துக்கு அருகில் பிடித்தார். புத்தகத்தில் இருந்தது என் முட்டை மாதிரியே இருந்தது.

கார்டு சார் சொல்லிக் கொடுத்திருக்கலாம் அல்லவா என்று சின்னையா இழுத்தார்.

எனக்குச் சுருக்கென்றது. "நாலு நாளா ஒனக்குச் சமச்சுப் போட்டேன் தம்பி. வேகாத பருப்ப வெந்துடுச்சுன்னு ஒரு நாள் சொன்னனா?"

இல்லை என்று அவர் தலையாட்டினார். அந்தத் தண்ணீரில் பருப்பு வேகப் பட்ட பாட்டை அவரும் பார்த்தவர்தானே.

அப்படியானால் கார்டு சாரும் கூடப் பார்த்திருக்கிறார், இரண்டு பேர் ஆகிவிட்டதே என்று பேராசிரியர் எழுதக் குனிந்தார். நான் கோதண்டத்தைப் பார்த்தேன். ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். இவன் ஆசைப்பட்ட பறவை இவன் பெயரிலேயே நோட்டில் ஏறிவிடும். கண் விஷயமும் வெளியே வராது.

"எழுதாதீங்க சார்" என்றான் கோதண்டம். "நான் பாக்கல. எனக்கு ரெண்டு கண்ணுலயும் பொரை. கொரல் மட்டும் கேட்டேன். அன்னிக்குப் பச்சத் தலையும் நான் பாக்கல, பொய் சொன்னேன்."

அடுப்பில் மோர்க்குழம்பு கொதிக்க ஆரம்பித்தது. பிறகு சின்னையா தொண்டையைக் கனைத்தார். பச்சைத் தலையைத் தானும் பார்க்கவில்லை என்றார். சேறு தெறித்து அவர் கண்ணாடி முழுக்க மூடிவிட்டதாம். கார்டு சாரே ஆமாம் என்றபோது தனக்கு மட்டும் தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது என்று தானும் ஆமாம் போட்டுவிட்டாராம்.

இருவரும் பேராசிரியரைப் பார்த்தார்கள். அவர் நோட்டைப் பார்த்தார். "எனக்கு முதுகுதான் தெரிஞ்சுது" என்றார் கடைசியில். "நீங்க ரெண்டு பேரும் அடிச்சுச் சொன்னீங்களேன்னுதான் நான் எழுதினேன்."

ஆக, இருந்த பச்சைத் தலையை மூன்று பேரில் ஒருவரும் பார்க்கவில்லை. நான் ஒருத்திதான் பார்த்திருக்கிறேன், அதுவும் முட்டை வாங்கப் போன இடத்தில். சிரிப்பை அடக்க அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர்களால் அடக்க முடியவில்லை. கோதண்டமும் சிரித்தான். அந்த வாத்து முட்டைக்குப் பிறகு அன்றுதான் அவன் சிரித்துக் கேட்டேன்.

பேராசிரியர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அன்னிக்கு மூணு பேர் பாத்தோம்னு எழுதினேன், ஒருத்தர்கூடப் பாக்கல. இன்னிக்கு ஒருத்தர் பாத்திருக்காங்க, ஒருத்தர் கேட்டிருக்கார். அதுக்கு இது எவ்வளவோ மேல்" என்றார். எழுதினார். பார்த்தவர் என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது. "உங்க பேர் என்னம்மா?"

நாலு நாளாக நான் கார்டு சாரின் அக்கா. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நோட்டை இப்படிக் கொடுங்கள், நானே எழுதுகிறேன் என்றேன். தைலம்மாள் என்று எழுதினேன். தையன்னாவுக்குக் கொஞ்சம் நேரம் ஆயிற்று. ளன்னா போடும்போது பேனா அழுத்திக் காகிதத்தில் சின்ன ஓட்டை விழுந்தது. மோர்க்குழம்பு பொங்கியது. பொங்கட்டும் என்று விட்டேன். கேட்டவர் என்ற இடத்தில் கோதண்டத்தின் பெயரைப் பேராசிரியர் எழுதினார்.

அடுத்தது நாற்காலி. அக்காவுக்குத்தான் என்று கோதண்டம் சொல்லிவிட்டான். பரிமாற வேண்டியவள் உட்கார்ந்தால் யார் பரிமாறுவது என்று ஒரு பேச்சுக்குக் கேட்டேன். மறுபடி கேட்க வேண்டாமே என்று உடனே உட்கார்ந்தும்விட்டேன். கால் தரையைத் தொடவில்லை. முதுகு நேராயிற்று. மூன்று பேரும் கீழே உட்கார்ந்து, எங்கே நின்றது, எப்படி இறங்கியது, தலையை எந்தப் பக்கம் திருப்பியது என்று என்னை விசாரித்தார்கள். நான் ஒவ்வொன்றாக, அவசரப்படாமல் சொன்னேன். கோதண்டம் எல்லோரையும்விட அதிகம் கேட்டான்.

சோறு போட்டது பேராசிரியர். ரசம் தான்தான் ஊற்றுவேன் என்று கோதண்டம் எழுந்தான். கரண்டியை நிறைய மொண்டு, கை நடுங்காமல், கார்டு கொடி பிடிக்கிற மாதிரி நேராக நீட்டினான். என் தட்டுக்கு ஒரு சாண் தள்ளி நீட்டினான்.

தட்டை அங்கே நகர்த்திக்கொண்டேன்.